மட்டியும் சிப்பியும் கிருமியை எப்படி அடையாளம் காண்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணக் கடனீரேரியில் மட்டி எடுப்பவர்கள், குருநகர், பாசையூர்ப் பக்கம் நண்டும் இறாலும் பிடிப்பவர்கள், வளர்ப்புத் தொழிலில் இறங்கலாமா என்று யோசிப்பவர்கள், உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஓடுள்ள கடலுயிர்கள் கிருமியை எப்படி அறிகின்றன, அதற்கான பரம்பரையலகுகள் (மரபணுக்கள்) எவை, அதைத் தெரிந்துகொள்வதால் நமக்கு என்ன பயன் என்பவைதான் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பவை. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. வேண்டிய கேள்விக்கு நேரே போகலாம்.

மட்டிக்கும் சிப்பிக்கும் நோய் வருமா?

வரும். கரையே நாறும் அளவுக்குக் கூட்டமாகச் செத்த வரலாறு உண்டு. 2008 கோடையில் பிரான்சின் வளர்ப்புக் கரைகளில் பசிபிக் சிப்பியின் குஞ்சுகள் மடிந்தன. ஹெர்ப்பீஸ் வகைச் சிப்பி வைரசு ஒன்றின் புதிய வடிவம்தான் காரணம். சில இடங்களில் பாதிக் குஞ்சுகள் போயின, சில இடங்களில் கிட்டத்தட்ட எல்லாமே போயின. நம் நாட்டில் 1990களில் புத்தளம் பக்கத்து இறால் பண்ணைகளை வெண்புள்ளி வைரசு படுத்திய பாடு பலருக்கு நினைவிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் வளர்ப்புத் தொழில் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் குஞ்சின் விலை, தீனிச் செலவு, சந்தை ஆகிய மூன்றும்தான் பேசப்படுகின்றன. நோயையும் முதல் நாளிலிருந்தே கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தப் பக்கத்தை எழுத முக்கியக் காரணம் அதுதான்.

நமக்கு இருப்பதுபோல் பிறபொருளெதிரி இவற்றுக்கு உண்டா?

இல்லை. குறிப்பிட்ட கிருமியைப் பற்றிப் பிடிக்க உடல் செய்யும் புரதமான பிறபொருளெதிரி, தாடையுள்ள முள்ளந்தண்டுளிகளுக்கு மட்டும் உரியது. சுறாவுக்கு உண்டு, பாரைக்கு உண்டு, நமக்கு உண்டு. மட்டி, சிப்பி, சங்கு, கணவாய், நண்டு, இறால் எதற்கும் இல்லை.

நம் உடலில் சில வெண்குருதிக் கலங்கள் தம் டி.என்.ஏ.யின் துண்டுகளை வெட்டி, மாற்றி ஒட்டி, முன்பு இல்லாத புதுப் பிறபொருளெதிரிகளை வாழ்நாள் முழுக்க உண்டாக்குகின்றன. அம்மை ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வருவது அரிது என்பதற்குக் காரணம் இதுவே. மட்டிக்கு அந்த வசதி கிடையாது. தாயின் முட்டையிலும் தந்தையின் விந்திலும் என்ன வந்ததோ அதை வைத்துத்தான் அது கடைசிவரை சமாளிக்க வேண்டும். பிறவியிலேயே வரும் இந்த நோயெதிர்ப்பைப் பிறப்பு நிர்ப்பீடனம் என்கிறோம். நம்மிடமும் இது உண்டு. கிருமி நுழைந்த முதல் சில மணி நேரம் நம்மைக் காப்பதும் இதுதான்.

அப்படியானால் புதுக் கிருமி வந்தால் எப்படித் தெரியும்?

ஒவ்வொரு கிருமியையும் பேர் சொல்லி அறிய வேண்டியதில்லை. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே வீட்டுக்கு யாரோ அயலார் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்கிறோம் அல்லவா, அதுபோலத்தான். பற்றீரியாவின் சுவரில் பெப்ரிடோகிளைக்கன் இருக்கும். சில பற்றீரியாக்களின் வெளிப்படையில் இலிப்போபொலிசக்கரைட்டு இருக்கும். பங்கசின் சுவரில் பீற்றா குளூக்கன் இருக்கும். பல வைரசுகள் பெருகும்போது நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகும். இவை மட்டியின் சொந்தக் கலத்தில் இருக்க வேண்டியவை அல்ல. இவற்றை விட்டால் கிருமியால் பிழைக்கவும் முடியாது, அதனால் எளிதில் மாற்றிக்கொள்ளவும் முடியாது.

இந்த அடையாளங்களைப் பிடிக்கும் புரதங்கள்தான் வாங்கிகள். இப்படிப்பட்ட வாங்கிகள் இருந்தாக வேண்டும் என்று 1989இல் சார்ள்ஸ் ஜேன்வே என்ற அமெரிக்க நிர்ப்பீடனவியலாளர் எழுதினார். அப்போது அவற்றில் ஒன்றுகூடப் பெயர் சொல்லும் அளவுக்கு வெளிப்பட்டிருக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

எந்தெந்த வகை வாங்கிகள் இருக்கின்றன?

பெயர் பெற்றவை டோல் வகை வாங்கிகள். கலத்தின் மென்சவ்வில் குத்தி நிற்கும் புரதம் இது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வளைந்திருக்கும். லியூசின் என்ற அமினோ அமிலம் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளால் ஆனது. உள்ளே இருக்கும் பகுதிக்கு டி.ஐ.ஆர். என்று பெயர். வெளிப்பகுதிக்கு அடையாளம் கிடைத்ததும் உள்ளே இருக்கும் டி.ஐ.ஆர். பகுதிகள் ஒன்றுசேர்ந்து மைடி88 என்ற இடைப்புரதத்தை இழுத்துக்கொள்ளும். அங்கிருந்து செய்தி கருவுக்குப் போய், கிருமிகொல்லிப் புரதங்களுக்கான பரம்பரையலகுகளை இயக்கிவிடும்.

ஆனால் டோலோடு கதை முடிவதில்லை. மென்சவ்வில் ஒட்டாமல் குருதிப் பாய்மத்திலும் சளியிலும் திரியும் வாங்கிகளும் ஏராளம். கிருமியின் மேலிருக்கும் சர்க்கரைகளைப் பற்றும் லெக்டின்கள் ஒரு கூட்டம். பெப்ரிடோகிளைக்கனைப் பற்றுபவை இன்னொரு கூட்டம். சி1கியூ என்ற பகுதியைக் கொண்ட புரதங்கள் மூன்றாவது கூட்டம். இவை கிருமிகளை ஒன்றாகத் திரட்டிவிடும், கிருமியைத் தின்னும் கலங்களான தின்குழியங்கள் அவற்றை விழுங்க வசதியாகும். கலத்தின் உள்ளேயே காவல் இருப்பவையும் உண்டு. வைரசின் ஆர்.என்.ஏ.யைப் பிடிக்க ரிக்-ஐ குடும்பம், இடம் மாறிக் கிடக்கும் டி.என்.ஏ.க்கான எச்சரிக்கையைக் கடத்த ஸ்டிங் என்ற புரதம். பசிபிக் சிப்பியில் ஸ்டிங்கோடு டி.ஐ.ஆர். பகுதியும் ஒட்டிய ஒரு கலப்புப் புரதமே இருக்கிறது, மனிதரில் அப்படி ஒன்று இல்லை. சிப்பி நம்மைவிடக் கீழான, எளிமையான பிராணி என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

சிப்பியில் இவை எத்தனை இருக்கின்றன?

மனிதருக்கு டோல் வகை வாங்கிப் பரம்பரையலகுகள் 10. பழ ஈயில் 9. பசிபிக் சிப்பியின் முழுப் பரம்பரைத் தொகுதி (அதன் டி.என்.ஏ. முழுவதன் வரிசை) 2012இல் வெளிவந்தபோது, சுமார் 28 ஆயிரம் பரம்பரையலகுகளுக்குள் டோல் வகை மட்டும் 80க்கு மேல் எண்ணப்பட்டது. சி1கியூ பகுதி கொண்டவை மனிதரில் சுமார் 30, சிப்பியில் 300க்கு மேல்.

ஏன் இவ்வளவு? வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இது: சிப்பி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க நீரை வடிகட்டித் தின்கிறது. மேற்பரப்புக் கடல்நீரில் ஒரு மில்லிலீற்றருக்குச் சுமார் 10 இலட்சம் பற்றீரியா, அதைவிடப் பத்து மடங்கு வைரசு. ஓடித் தப்பவும் முடியாது, ஆகவே நிறைய வாங்கிகள் தேவைப்பட்டன.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதை அப்படியே விழுங்க எனக்கு மனம் வரவில்லை. ஊதா நிறக் கடல்முள்ளெலியின் பரம்பரைத் தொகுதி 2006இல் வந்தது. அதில் டோல் வகை 222. அது வடிகட்டித் தின்பதில்லை, பாசியைச் சுரண்டித் தின்னும். மறுபக்கம் சீனோரப்டிற்றிஸ் எலெகன்ஸ் என்ற சிறு வட்டப்புழு பற்றீரியாவுக்குள்ளேயே வாழ்ந்து பற்றீரியாவையே தின்கிறது, அதற்கு இருப்பதோ ஒரே ஒரு டோல். ஆகவே வாழும் இடத்தை மட்டும் காரணம் காட்டினால் போதாது. ஒரு பரம்பரையலகு பக்கத்திலேயே பிரதியாகி, அந்தப் பிரதி கொஞ்சம் மாறி, இனத்துக்கு உதவினால் நிலைக்கிறது. எந்த இனத்தில் எந்தக் குடும்பம் இப்படிப் பெருகியது என்பதில் அந்தந்த இனத்தின் நீண்ட வரலாறும் சேர்ந்திருக்கிறது. வாங்கிகள் எல்லாம் கிருமிக்காகவே இருப்பவையும் அல்ல. சிப்பியின் செவுளில் உள்ள சளியின் லெக்டின்கள் எந்தத் துகள் தின்னத் தக்கது என்று தெரிவு செய்யவும் உதவுகின்றன.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தவர்கள் யார்?

கடற்கரையில்தான் தொடங்கியது. 1882இல் இத்தாலியின் மெசினாவில் ரஷ்ய உயிரியலாளர் இலியா மெச்னிக்கோவ் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குடம்பிக்குள் ரோசா முள்ளைக் குத்திவைத்தார். அடுத்த நாள் பார்த்தால் முள்ளைச் சுற்றி அசையும் கலங்கள் மொய்த்திருந்தன. தின்குழியங்களை உலகம் அறிந்தது அப்படித்தான். 1908இல் அவருக்கும் போல் ஏர்லிக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

டோல் பரம்பரையலகை முதலில் அறிந்தது பழ ஈயின் கருவளர்ச்சியைப் படித்தவர்கள். அது பங்கசையும் எதிர்க்க உதவுகிறது என்று 1996இல் பிரான்சில் ஜூல் ஹொஃப்மனின் குழு காட்டியது. 1998இல் அமெரிக்காவில் புரூஸ் பொய்ட்லரின் குழு எலியில் இலிப்போபொலிசக்கரைட்டை உணர்வது டோல் வகை வாங்கியே என்று கண்டது. இருவரும் 2011 நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அதன் பிறகுதான் சிப்பி, மட்டி, இறால் எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்தைத் தேடும் வேலை சூடு பிடித்தது.

மட்டிக்கு இரத்தம் இருக்கிறதா? அதைப் பார்க்க முடியுமா?

இருக்கிறது. பெரும்பாலான மட்டிகளில் அது சிவப்பாக இல்லாததால் வெட்டும்போது தண்ணீர் என்று நினைத்து ஊற்றிவிடுகிறோம். இரத்தமட்டி போன்ற சிலவற்றில் மட்டும் ஈமோகுளோபின் இருப்பதால் சிவப்பாக இருக்கும்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் பார்க்கலாம். உயிருள்ள மட்டி ஒன்றின் ஓட்டு விளிம்பில் சிறு அரத்தால் ஒரு வெட்டு வையுங்கள். இரு ஓடுகளையும் இறுக்கிப் பிடிக்கும் தசையில் மெல்லிய ஊசியைச் செலுத்தி மெதுவாக இழுத்தால் கலங்கல் இல்லாத பாய்மம் கொஞ்சம் வரும். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு உடனே நுணுக்குக்காட்டியின் கீழ் வையுங்கள். முதலில் உருண்டைக் கலங்கள் மிதந்து கொண்டிருக்கும். சில நிமிடங்களில் அவை கண்ணாடியில் ஒட்டத் தொடங்கும். விளிம்பு விரிந்து, மெல்லிய கால்கள் நீளும். சில கலங்களுக்குள் மணல் போன்ற சிறுமணிகள் நிறைந்திருக்கும், சிலவற்றில் இருக்காது. பிந்தினால் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், தனித்தனியாகப் பார்க்க முடியாது. இவைதான் குருதிக்கலங்கள். மேலே சொன்ன வாங்கிகளில் பலவும் இவற்றில்தான் இருக்கின்றன. கிருமியைத் தின்பதும், காயத்தை அடைப்பதும், கிருமிகொல்லிப் புரதங்களைச் சுரப்பதும் இவற்றின் வேலை.

நண்டும் இறாலும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்றுதான், ஆனால் குடும்பம் வேறு. நண்டும் இறாலும் சிங்கி இறாலும் பூச்சிகளுக்குச் சொந்தம், மட்டிக்கு அல்ல. ஆகவே அவற்றின் டோல் ஈயின் டோலை ஒத்திருக்கும்.

இவற்றில் எல்லோரும் கண்ணால் பார்த்த ஒன்று உண்டு. நண்டின் ஓட்டில் பழைய காயம் இருந்த இடம் கறுத்திருக்கும். பீற்றா குளூக்கனையோ பெப்ரிடோகிளைக்கனையோ பிடிக்கும் வாங்கி ஒரு நொதியத் தொடரை முடுக்கிவிடும். அதன் கடைசியில் பீனோலொக்சிடேசு என்ற நொதியம் இயங்கி மெலனின் உண்டாகும். கிருமியைக் கறுப்புப் பூச்சுக்குள் அடைத்துக் கொல்வது இந்த முறை. ஐஸ் போடாமல் வைத்த இறாலின் தலை கறுக்கிறதே, அதுவும் இதே நொதியத்தின் வேலைதான். இறால் செத்த பிறகும் நொதியம் உடனே நின்றுவிடுவதில்லை. தலை கறுத்த இறாலைக் கெட்டுப்போனது என்று சந்தையில் தள்ளிவைப்பார்கள். கறுப்பு நிறம் மட்டும் நஞ்சல்ல, ஆனால் ஐஸ் சரியாகப் போடவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம். அந்த இறாலை வாங்காமல் விடுவது சரிதான்.

இன்னொரு விந்தை டிஸ்காம் என்ற பரம்பரையலகு. இது ஒன்றுதான், ஆனால் படியெடுத்த ஆர்.என்.ஏ.யின் துண்டுகளை வெவ்வேறு விதமாகச் சேர்த்து ஏராளமான புரத வடிவங்களை ஆக்கலாம். பழ ஈயில் கணக்கிட்டால் 38,016 வடிவங்கள் சாத்தியம். இறாலிலும் நண்டிலும் இதே உத்தி இருக்கிறது. பிறபொருளெதிரி இல்லாத உயிர்கள் பலவகைமையை உண்டாக்கக் கண்ட வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

இவ்வளவு வாங்கிகள் இருந்தும் சிப்பிகள் ஏன் கூட்டமாகச் சாகின்றன?

பிரான்சின் சிப்பி நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2018இல் வெளிவந்த விடை இதற்கு நல்ல பதில். வைரசு முதலில் குருதிக்கலங்களையே தாக்குகிறது. அவை கிருமிகொல்லிப் புரதங்களைச் செய்ய முடியாமல் போகின்றன. அந்த நேரம் பார்த்து, வழக்கமாக அடங்கிக் கிடக்கும் பற்றீரியாக்கள் உடலெங்கும் பெருகுகின்றன. சிப்பி கடைசியில் சாவது அந்தப் பற்றீரியாவால். வாங்கி அடையாளம் கண்டாலும், கண்டதைச் செய்தியாக்கி வேலையை முடிக்கும் கலம் அழிந்துவிட்டால் பயன் இல்லை.

ஆகவே செத்த சிப்பியில் ஒரு பற்றீரியா கிடைத்தவுடன் அதுதான் காரணம் என்று முடிவு கட்டக்கூடாது. வளர்ப்பில் இழப்பு வந்தால் சாகும் நிலையில் இருப்பதையும், நலமாகத் தெரிவதையும் சேர்த்துச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். செத்து நாறியதை மட்டும் கொண்டுபோனால் விடை கிடைக்காது.

இறாலுக்கோ சிப்பிக்கோ தடுப்பூசி போடலாமா?

நாம் போடும் பொருளில் முடியாது. பிறபொருளெதிரி இல்லாத உடலுக்கு அந்த நினைவைக் கொடுக்க இயலாது.

ஆனால் நினைவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் கூடாது. வைரசைப் போலி செய்யும் ஒரு செயற்கை இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைப் பசிபிக் சிப்பியில் செலுத்திப் பார்த்தார்கள். பிறகு மேலே சொன்ன சிப்பி வைரசைக் கொடுத்தபோது அவை தப்பின. 2017இல் வெளியான ஆய்வில் அந்தப் பாதுகாப்பு ஐந்து மாதம்வரை நீடித்தது. உள்ளே உள்ள வாங்கிகள் ஒருமுறை தூண்டப்பட்டு, எதிர்ப்பு நிலை தணியாமல் இருந்ததே காரணம். ஆயிரக்கணக்கான சிப்பிகளுக்கு ஒவ்வொன்றாக ஊசி போடுவது நடக்கிற காரியமில்லை, ஆகவே இதைத் தொழிலாக்குவது வேறு கதை.

இறாலில் வெண்புள்ளிக்கு நடைமுறையில் உதவுவது குஞ்சை பி.சி.ஆர். சோதனை செய்து வைரசு இல்லாததை மட்டும் விடுவது, நோய் வந்த குளத்து நீரை அப்படியே வெளியே திறந்துவிடாமல் இருப்பது, ஒரு பகுதியில் உள்ள எல்லோரும் ஒரே காலத்தில் குளத்தைக் காயவிடுவது. பக்கத்துக் குளத்துக்காரர் ஒத்துழைக்காவிட்டால் உங்கள் கவனம் வீண். இது தனியாள் செய்யும் வேலை அல்ல, சங்கம் செய்ய வேண்டிய வேலை.

நிர்ப்பீடனத்தைக் கூட்டும் தீனி என்று விற்கிறார்களே?

பெரும்பாலும் ஈஸ்ற் அல்லது பாசியிலிருந்து எடுத்த பீற்றா குளூக்கன். வாங்கியைத் தூண்டும் என்பது உண்மை. அளவு, காலம், இனம் பொறுத்துப் பலன் மாறும், தொடர்ந்து கொடுத்தால் பலன் குறையவும் கூடும். சிறு தொட்டியில் ஒப்பிட்டுப் பார்க்காமல் பெருந்தொகை கொடுத்து வாங்காதீர்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை முன்னெச்சரிக்கையாகப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வைரசுக்கு அது வேலை செய்யாது, மருந்துக்கு அடங்காத பற்றீரியாவைத்தான் கடனீரேரிக்குத் தரும்.

கடனீரேரியின் வெயிலும் மழையும் இதில் என்ன செய்யும்?

நிறையச் செய்யும். நம் கடனீரேரி ஆழம் குறைந்தது. கோடையில் நீர் வற்றி உவர்ப்பு ஏறும், வெயிலில் கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்னீர் ஒரேயடியாக வந்து கலக்கும். மட்டியின் உடற்பாய்மத்தின் உப்பு வெளிநீரின் உப்போடு சேர்ந்தே ஏறி இறங்கும், அதை நம்மைப் போல் ஒரே அளவில் வைத்திருக்க அதற்கு முடியாது. அதாவது குருதிக்கலங்களும் அவற்றின் வாங்கிகளும் வேலை செய்யும் திரவமே மாறிக்கொண்டிருக்கிறது. பல இன மட்டிகளிலும் சிப்பிகளிலும் செய்த சோதனைகளில், திடீர் வெப்பமும் உவர்ப்பு மாற்றமும் குருதிக்கலங்களின் எண்ணிக்கையையும் அவை தின்னும் வேகத்தையும் மாற்றுவது தெரிந்தது. உவர்ப்புச் சட்டென்று குறைந்தால் சிப்பி ஓட்டை மூடிக்கொள்ளும். நீண்ட நேரம் மூடியிருந்தால் உள்ளே ஒட்சிசன் குறைந்து கழிவு சேரும். அதே சமயம் விப்ரியோ பற்றீரியாக்களுக்குச் சூடான நீர் கொண்டாட்டம்.

இதோடு நகரத்து வடிகால் நீரும் வந்து சேர்ந்தால் மட்டியின் சுமை இன்னும் கூடும். வாங்கிப் பரம்பரையலகு எத்தனை இருந்தாலும் அழுக்கு நீருக்கு அது மாற்று ஆகாது. பரம்பரையலகு பற்றிப் பேச வந்தவன் வடிகாலைப் பற்றிப் பேசுவது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே கேள்விதான்.

வளர்ப்புக்குத் தாய்ச் சிப்பியைத் தெரிவு செய்யும்போது இது உதவுமா?

இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம் இது.

மத்தியதரைக் கடலின் மசல் சிப்பியின் பரம்பரைத் தொகுதி 2020இல் வெளிவந்தது. சுமார் 60 ஆயிரம் பரம்பரையலகுகள். பல தனி மசல்களை ஒப்பிட்டபோது ஓர் அதிசயம் தெரிந்தது. ஆயிரக்கணக்கான பரம்பரையலகுகள் ஒரு மசலில் இருக்கின்றன, பக்கத்து மசலில் அறவே இல்லை. அப்படி இருந்தும் இல்லாமலும் வருபவற்றில் நிர்ப்பீடனத்தோடு தொடர்புடையவை அதிகம். ஒரே பாறையில் ஒட்டியிருக்கும் இரண்டு மசல்கள் ஒரே ஆயுதங்களோடு இல்லை. ஒரு கிருமி வந்து ஒன்றைக் கொன்றால் மற்றது தப்ப வாய்ப்பு உண்டு.

இப்போது குஞ்சு பொரிக்கும் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் சிப்பி ஒரே தடவையில் இலட்சக்கணக்கில், கோடிக்கணக்கில்கூட முட்டை விடும். ஆகவே நாலைந்து தாய் தந்தையை வைத்தே முழுப் பண்ணைக்கும் குஞ்சு எடுத்துவிடலாம், செலவும் குறையும். ஆனால் அந்தக் குஞ்சுகள் எல்லாம் அந்த நாலைந்தின் வாங்கிகளோடு மட்டும்தான் கடலுக்குப் போகின்றன. பிறபொருளெதிரி உள்ள மீனுக்கு வாழும்போது புதிதாக ஏதோ கற்க வழி இருக்கிறது. சிப்பிக்கு இல்லை. அதனால் தாய் தந்தையின் எண்ணிக்கையில் கை வைப்பது சிப்பிக்கு மீனைவிட ஆபத்தானது.

நோய் தாங்கும் வரிசைகளைத் தெரிந்தெடுத்து வளர்ப்பது நடக்கிற காரியம்தான். பிரான்சிலும் நியூசிலாந்திலும் சிப்பி வைரசைத் தாங்கும் குடும்பங்களைத் தெரிந்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வைரசுக்காகத் தெரிந்தெடுத்தது இன்னொரு கிருமியிடம் தோற்கலாம். யாழ்ப்பாணத்தில் யாரேனும் சிப்பி வளர்ப்பைத் தொடங்கினால் நம் நீரின் இனத்தையே, பல இடங்களில் இருந்து எடுத்த பல தாய் தந்தையோடு தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வெளியிலிருந்து குஞ்சு கொண்டுவந்தால் அதோடு வெளிக் கிருமியும் வரும். அந்தக் கிருமிக்கு நம் காட்டு மட்டிகளிடம் எதிர்ப்பு இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கடலட்டைக்கும் இது பொருந்துமா?

கடலட்டை ஓட்டுயிர் அல்ல, கடல்முள்ளெலிக்கும் நட்சத்திர மீனுக்கும் சொந்தம். ஆனால் பிறபொருளெதிரி அதற்கும் இல்லை, பிறப்பு நிர்ப்பீடனம் மட்டுமே. தாய் தந்தை எண்ணிக்கை பற்றிச் சொன்னது வெள்ளை அட்டைக் குஞ்சு எடுப்பவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

மன்னார் முத்துக்கும் நிர்ப்பீடனத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்று சொல்லலாம். ஓட்டைச் சுரக்கும் மேலுறைத் தோலின் கலங்கள் உள்ளே அகப்பட்டு ஒரு பையாக மூடிக்கொண்டு, ஓட்டின் உட்புறத்து மினுக்குப் பொருளையே சுற்றிச் சுற்றிப் படியவிடுவதுதான் முத்து. 1902இல் மன்னார்க் குடாவின் முத்துச் சிப்பிகளை ஆராய வந்த விலங்கியலாளர் ஹேர்ட்மன், நாடாப்புழுவின் குடம்பியே நல்ல முத்துக்குக் காரணம் என்று நம்பினார். அந்தக் கருத்து நிலைக்கவில்லை. ஆனால் வேற்றுப்பொருளைச் சுற்றி அடைத்துத் தனிமைப்படுத்துவது மட்டிகளின் பழைய தற்காப்பு முறை என்பது மாறவில்லை. முத்துச் சிப்பியின் பரம்பரைத் தொகுதியை 2012இல் ஜப்பானியர் வெளியிட்டார்கள். மன்னாரில் வாழ்வதும் அதே இனம் என்றே நெடுங்காலமாகக் கொள்ளப்படுகிறது, ஆகவே நமக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய தரவு அது.

சிப்பி கிருமியைக் கொல்லுமென்றால் பச்சையாகத் தின்னலாமா?

கூடாது. சிப்பியின் வாங்கிகள் சிப்பியைக் காக்க இருப்பவை, நம்மை அல்ல. மனிதனின் ஈரல் அழற்சி வைரசு சிப்பிக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. சிப்பி அதை வடிகட்டிச் சேர்த்து வைத்திருக்கும், அவ்வளவுதான். 1988இல் சீனாவின் ஷாங்காயில் சரியாக வேகாத மட்டியைத் தின்று ஏறத்தாழ 3 இலட்சம் பேருக்கு ஹெபற்றைற்றிஸ் ஏ என்ற ஈரல் அழற்சி வந்தது. ஓடு திறந்தவுடன் இறக்கிவிடாமல் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். கூழில் போட்டு நெடுநேரம் கொதிக்கவைக்கும் நம் பழக்கம் நல்ல பழக்கம்.

இறாலும் நண்டும் கிரந்தி என்கிறார்களே, அதுவும் இதனாலா?

இல்லை. ஒவ்வாமையைத் தூண்டும் முக்கியப் புரதம் ட்ரொப்போமயோசின், அது தசைப் புரதம். வெப்பம் தாங்கும், ஆகவே சமைத்தாலும் போகாது. ஒருமுறை உதடு வீங்கியோ மூச்சு இழுத்தோ இருந்தால் கொஞ்சமாகத் தின்று பழகலாம் என்று முயலாமல் வைத்தியரிடம் போங்கள்.

மட்டிக்குப் புற்றுநோய் தொற்றும் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. வட அமெரிக்கக் கரையின் மென்னோட்டு மட்டிகளில் பரவிய ஒரு குருதிப் புற்றுநோய், ஒரு மட்டியின் புற்றுக்கலமே நீர்வழி மற்ற மட்டிகளுக்குப் போய் வளர்வதால் வருகிறது என்று 2015இல் நிறுவினார்கள். பிறகு மசல் முதலிய வேறு இனங்களிலும் கண்டார்கள். மனிதருக்கு அது தொற்றாது.

இதைப் படிக்க எங்கே போகலாம்? வீட்டிலிருந்தே ஏதும் செய்ய முடியுமா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் கற்கை இருக்கிறது. மாத்தறையில் ருகுணுப் பல்கலைக்கழகத்துக்குக் கடற்றொழிலுக்கென்றே ஒரு பீடம் இருக்கிறது. தென்கொரியாவின் ஜேஜு தேசியப் பல்கலைக்கழகத்தில் அபலோன், மணிலா மட்டி முதலியவற்றின் நிர்ப்பீடனப் பரம்பரையலகுகளைப் படித்துப் பட்டம் பெற்ற இலங்கையர் பலர் இருக்கிறார்கள். தேடிப் படித்தால் அவர்களின் கட்டுரைகள் கிடைக்கும்.

வீட்டில் ஒரு கணினியும் இணையமும் இருந்தால் போதும், நீங்களே வாங்கிகளைத் தேடிப் பார்க்கலாம். பரம்பரையலகு, புரத வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் என்.சி.பி.ஐ. தளம் இலவசம். மனிதரின் டோல் வகை வாங்கிகளில் ஒன்றான டி.எல்.ஆர்.2 புரதத்தின் அமினோ அமில வரிசையை அங்கிருந்து பிரதி எடுங்கள். ஒத்த வரிசைகளைத் தேடித்தரும் பிளாஸ்ற் பகுதியில் புரதத்துக்குப் புரதம் தேடும் வகையைத் தெரிவு செய்து வரிசையை ஒட்டுங்கள். உயிரியின் பெயர் கேட்கும் இடத்தில் மகலானா கிகாஸ் என்று இலத்தீன் எழுத்தில் கொடுங்கள். பசிபிக் சிப்பியின் இப்போதைய பெயர் அது. பழைய கட்டுரைகளில் கிராசோஸ்ற்ரியா கிகாஸ் என்று இருக்கும். சற்று நேரத்தில் பட்டியல் வரும்.

பட்டியலைப் பார்த்தவுடன் எண்ணத் தொடங்காதீர்கள். தற்செயலாக ஒத்துப்போவதற்கான வாய்ப்பைக் காட்டும் ஈ மதிப்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருக்கும். அது எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. 0.001க்கு மேல் இருப்பவற்றை விட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு வரிசையையும், புரதத்தின் பகுதிகளை அடையாளம் காட்டும் இன்ரர்புரோ தளத்தில் கொடுத்து, வெளியே லியூசின் துண்டுகள், நடுவே மென்சவ்வைக் கடக்கும் பகுதி, உள்ளே டி.ஐ.ஆர். ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். லியூசின் துண்டு மட்டும் உள்ள புரதம் ஆயிரம் வேலைக்கு இருக்கும். டி.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது மைடி88 போன்ற இடைப்புரதமாகவோ ஸ்டிங்கோடு ஒட்டிய அந்தக் கலப்புப் புரதமாகவோ இருக்கலாம். பெயரின் கடைசியில் எக்ஸ்1, எக்ஸ்2 என்று வருபவை ஒரே பரம்பரையலகின் வெவ்வேறு வடிவங்கள், அவற்றை ஒன்றாகவே எண்ண வேண்டும்.